மலையை மறைத்த மேகம்

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், புதன்கிழமை. தாய்த் திருச்சபை அமல உற்பவ அன்னையின் திருவிழாவைக் கொண்டாடும் நாள். அன்று நண்பகலில் நீலகிரி மலையில், குன்னூருக்கு அருகிலுள்ள காட்டேரிப் பகுதியில், இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர் ஒன்று மலைச்சரிவில் மோதித் தீப்பற்றி எரிந்தது. அதில் இருந்தவர்கள் 14 பேர். நம் நாட்டு முப்படைகளின் முதல் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் துணைவியார் திருமதி மதுலிகா ராவத்தும் அவர்களுள் அடங்குவர். 13 பேர் அன்றே உயிரிழந்தனர். எஞ்சிய ஒருவர் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-இல் இறந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி வகுப்பில் பேசியபோது எங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நல்ல இயந்திரம், தேர்ந்த விமானிகள், பகல் வேளை, இறங்குவதற்கு இன்னும் ஏழே நிமிடங்கள். அப்படியிருக்க வெறும் மேகம் ஒரு ஹெலிகாப்டரை எவ்வாறு வீழ்த்த முடியும்? மேகம் என்பது நீராவியும் நீர்த்துளியும்தானே! அதில் மோதினால் ஒரு குருவிக்குக்கூடக் காயம் ஏற்படாதே! இக்கேள்விக்கு விடை தேடிப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் கற்றவற்றை, எங்கள் தங்கைமாருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறோம்.

இருபது நிமிடங்கள்

முதலில் நடந்ததைப் பார்ப்போம். நீலகிரியில் வெலிங்டன் என்னும் ஊரில் பாதுகாப்புப் படை அலுவலர்களுக்கான பயிற்சிக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்குப் பயிலும் அலுவலர்களிடையே உரையாற்றுவதற்காக ஜெனரல் ராவத் டில்லியிலிருந்து கோவைக்கு அருகிலுள்ள சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்தார். அங்கிருந்து எம்.ஐ.17 வி-5 வகை ஹெலிகாப்டரில் புறப்பட்டார்.

புறப்பட்ட நேரம் முற்பகல் 11.48. வெலிங்டனில் இறங்க வேண்டிய நேரம் பிற்பகல் 12.15. ஏறத்தாழ 12.08-க்குச் சூலூர்க் கட்டுப்பாட்டு நிலையத்துடன் இருந்த தொடர்பு அறுந்தது. மறுநாள் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் அளித்த அறிக்கையில் கூறப்பட்ட நேரங்கள் இவை. ஆகவே அந்தப் பயணம் நீடித்தது இருபது நிமிடங்களே.

எம்.ஐ.17 வி-5 இரஷ்ய நாட்டில் தயாரானது. இரட்டை எஞ்சின் கொண்டது. 13 டன் எடை வரை தாங்கி மேலெழும். வானிலையை அறியும் ராடாரும், தானே இயங்கிச் சமநிலை காக்கும் கருவியும் உடையது. இமயமலையின் உயரங்களிலும் பணியாற்றுவது. எனவே "பழைய வண்டி, பழுதாகிவிட்டது" என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

விபத்துக்குச் சற்று முன் மலை ரயில் பாதையருகே நின்றிருந்த சிலர் தம் கைப்பேசியில் எடுத்த படம் பின்னர் வெளிவந்தது. ஹெலிகாப்டர் தாழப் பறந்து வருகிறது. பனிமூட்டத்துக்குள் நுழைகிறது. உருவம் மறைகிறது. நின்றவர்கள் ஒலி வந்த திசையைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

மேகம் பிறக்கும் விதம்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த நமக்கு மலையும் மேகமும் புதியவை அல்ல. அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ நின்று மேற்கே பார்த்தால் பொதிகை மலை தெரியும். அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர். காலையில் நீல நிறத்தில் தெளிவாக நிற்கும் மலை, பத்து மணிக்குள் இடுப்பு வரை மேகத்தில் மூழ்கிவிடுவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! "மலையில் மேகம் இறங்கியிருக்கிறது, ஆற்றில் தண்ணீர் வரும்" என்று பெரியவர்கள் மகிழ்வார்கள். பாபநாசம் அணையும், மணிமுத்தாறு அணையும், கார் நெல்லும் பிசான நெல்லும் அந்த மேகத்தை நம்பியே இருக்கின்றன.

இந்த மேகம் எங்கிருந்தோ மிதந்து வந்து மலையில் தங்குவதாகச் சிறுவயதில் நினைத்தோம். அறிவியல் வேறு விதமாகச் சொல்கிறது. ஈரமான காற்று மலைச்சரிவில் மோதும்போது மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குறையும். ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி, நீராவியாகவே இருக்க முடியாமல் நுண்ணிய துளிகளாக மாறுகிறது. அதுவே மேகம். ஆகவே மலைமேல் இருக்கும் மேகம் அந்த இடத்திலேயே பிறப்பது.

இதற்கு ஓர் எளிய கணக்கும் உண்டு. காற்றின் வெப்பநிலைக்கும், அது பனித்துளியாக மாறும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தோராயமாகத் தெரியும். வேறுபாடு 8 பாகையானால் 1,000 மீட்டர். வேறுபாடு 4 பாகையானால் 500 மீட்டர்தான். சமவெளிக்கு 1,000 மீட்டர் உயர மேகம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் சூலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 380 மீட்டர் உயரத்திலும், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சூலூரில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் தெரியும் அதே மேகம், குன்னூர்ச் சரிவில் இருப்பவருக்கு வீட்டு வாசலில் தவழும் பனிமூட்டம்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றில் ஈரம் சற்றே கூடினாலும், காற்று வீசும் திசை சற்றே மாறினாலும் மேகத்தின் அடிப்பகுதி நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே இறங்கிவிடும். பள்ளத்தாக்கில் இதற்குச் சில நிமிடங்களே போதும். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு மலைப்பாதையில் சென்றவர்களுக்கு இது தெரியும். ஒரு வளைவில் வெயில். அடுத்த வளைவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டுமே தெரியும். ஆனால் பேருந்து ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். வானத்தில் ஓரம் ஏது?

நான்கு விநாடிகள்

விமானிகள் பறக்கும் முறை இரண்டு. வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பது ஒன்று. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது மற்றொன்று. மலைப்பகுதியில் தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் முதல் முறையையே பின்பற்றுகின்றன. ஆறு, சாலை, ரயில் பாதை ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு செல்கின்றன.

ஒரு ஹெலிகாப்டர் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் விநாடிக்கு 50 மீட்டர். மூட்டத்தில் 200 மீட்டர் தொலைவு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது என்றால், எதிரே ஒரு மலைச்சரிவு தென்பட்ட நொடியிலிருந்து மோதும் வரை உள்ள நேரம் நான்கு விநாடிகள். அந்த நான்கு விநாடிக்குள் பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், முடிவு செய்ய வேண்டும், கையை அசைக்க வேண்டும், 13 டன் இயந்திரமும் அதற்குக் கீழ்ப்படிந்து திரும்ப வேண்டும். ஒரு முறை "அருள் நிறைந்த மரியே" சொல்லி முடிக்கக்கூட அந்த நேரம் போதாது.

காது சொல்லும் பொய்

மேகத்துக்குள் நுழைந்ததும் கண் பயனற்றுப் போகிறது. வானம், தரை, அடிவானம் எல்லாம் ஒரே வெள்ளை. அப்போது நம் உடல் எதை நம்பும்? காதை நம்பும்.

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்தவை. அவற்றுள் ஒரு திரவமும், நுண்ணிய மயிரிழைகளும் உள்ளன. நாம் திரும்பினால் குழல் திரும்புகிறது. திரவமோ உடனே திரும்பாமல் பின்தங்குகிறது. அதனால் மயிரிழைகள் வளைகின்றன. "திரும்புகிறோம்" என்று மூளை அறிகிறது. குடத்தில் தண்ணீர் வைத்துக் குடத்தைச் சுழற்றினால் தண்ணீர் உடனே சுழல்வதில்லை அல்லவா? அது போலத்தான்.

ஆனால் குடத்தை ஒரே சீராகச் சுழற்றிக்கொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் தண்ணீரும் குடத்தோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். காதிலும் அப்படியே. ஏறத்தாழ இருபது விநாடி ஒரே சீராகத் திரும்பினால் திரவம் குழலின் வேகத்தை எட்டிவிடுகிறது. மயிரிழைகள் நிமிர்கின்றன. "நாம் நேராகச் செல்கிறோம்" என்று மூளை முடிவு செய்கிறது. உண்மையில் திரும்பிக்கொண்டே இருப்போம்!

இதை நாங்கள் சோதித்துப் பார்த்தோம். கணினி அறையிலுள்ள சுழல் நாற்காலியில் ஒரு தோழியை உட்காரவைத்துக் கண்களைக் கட்டினோம். எப்பக்கம் சுழல்கிறாளோ அப்பக்கம் கட்டைவிரலைக் காட்டும்படி கூறினோம். எங்கள் அறிவியல் ஆசிரியை அருகில் நிற்க, நாற்காலியை மெதுவாக, ஒரே சீராக வலப்பக்கம் சுழற்றினோம். முதலில் அவள் விரல் சரியாக வலப்பக்கம் காட்டியது. சிறிது நேரத்தில் விரல் நேராக நிமிர்ந்தது. நாங்கள் சுழற்றுவதை நிறுத்தவேயில்லை. பிறகு நாற்காலியை நிறுத்தினோம். உடனே அவள் விரல் இடப்பக்கம் திரும்பியது. "இப்போதுதான் வேகமாகச் சுற்றுகிறீர்கள்" என்றாள்! வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த நாற்காலி ஒரு ஹெலிகாப்டராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆசிரியை கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

விமானி இவ்வாறு திசையும் நிலையும் அறியாது போவதைத் திசைமயக்கம் எனலாம். மயக்கம் என்ற சொல்லால் அவர் நினைவிழந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. நினைவு தெளிவாக இருக்கும், அறிவும் வேலை செய்யும். ஆனால் அறிவுக்குக் கிடைக்கும் செய்தியே தவறானதாக இருக்கும்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சி பெறாத 20 பேரைத் தேர்ந்து, வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தை ஓட்டச் செய்தனர். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. படை விமானிகள் கருவிப் பயிற்சி பெற்றவர்கள். எனவே அந்தக் கணக்கு அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அவர்களுடைய காதும் நம்முடைய காதைப் போலத்தான் படைக்கப்பட்டிருக்கிறது.

கருவியை நம்பும் பாடம்

காது பொய் சொல்லும் என்பதால் விமானத்தில் ஒரு செயற்கை அடிவானம் வைத்திருக்கிறார்கள். அது ஒரு வட்டக் கருவி. மேற்பாதி நீலம், கீழ்ப்பாதி பழுப்பு. இடையே ஒரு கோடு. விமானம் சாய்ந்தால் கோடும் சாய்ந்து தெரியும். இதன் தத்துவம் நம் ஊர்ப் பம்பரம்தான்! வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் நிலையை விட்டு எளிதில் மாறாது. அப்படிச் சுழலும் ஒரு சக்கரத்தைக் கருவிக்குள் வைத்துவிட்டால், விமானம் எப்படிச் சாய்ந்தாலும் சக்கரம் தன் நிலையில் நிற்கும். புதிய விமானங்களில் மின்னணு முறையில் இதே வேலை நடைபெறுகிறது.

"உன் உடல் சொல்வதை நம்பாதே, கருவியை நம்பு" என்பது விமானிகளின் முதல் பாடம். ஆனால் கருவியும் பழுதாகலாம். 1978-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம், புறப்பட்ட சில நிமிடங்களுக்குள் பாந்திராவுக்கு எதிரே கடலில் விழுந்தது. இருந்த 213 பேரும் இறந்தனர். தலைமை விமானியின் செயற்கை அடிவானம் பழுதாகி, விமானம் சாய்ந்திருப்பதாகத் தவறாகக் காட்டியது. வெளியே இருண்ட கடல், அடிவானம் தெரியவில்லை. அவர் இல்லாத சாய்வைத் திருத்த முயன்றார். இதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வைக்கிறார்கள். ஒன்று சொல்வதை மற்றொன்றுடன் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது விமானியும் இருக்கிறார்.

எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, கருவிகளைப் பார்த்து, மலைகளைவிட அதிக உயரத்துக்கு ஏறிவிட வேண்டும். சமவெளியில் இதற்கு இடமும் நேரமும் உண்டு. குறுகிய பள்ளத்தாக்கில் இரண்டும் இல்லை. ஆதலால் மலைப்பகுதியில் மிகச் சிறந்த வழி, மேகம் எதிரே தெரியும்போதே திரும்பிவிடுவதுதான்.

விசாரணை சொன்னது

விபத்தை ஆராய முப்படைகளின் விசாரணைக் குழு ஒன்று ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் அமைக்கப்பட்டது. விமானத்தின் இயக்கத்தைப் பதிவு செய்யும் கருவியையும், விமானிகளின் பேச்சைப் பதிவு செய்யும் கருவியையும் அக்குழு ஆராய்ந்தது. சாட்சிகளையும் விசாரித்தது. அதன் முதற்கட்ட முடிவுகளை விமானப்படை 2022 ஜனவரி 14 அன்று வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. அதனால் விமானிக்குத் திசைமயக்கம் ஏற்பட்டது. ஹெலிகாப்டர் தன் கட்டுப்பாட்டில் இருந்தபடியே மலையில் மோதியது. இவையே அந்த முடிவுகள்.

'கட்டுப்பாட்டில் இருந்தபடியே' என்னும் சொற்றொடரைக் கண்டு நாங்கள் வியந்தோம். எஞ்சின் ஓடுகிறது, விசிறி சுழல்கிறது, விமானி சொன்னபடி இயந்திரம் கேட்கிறது. ஆனால் எதிரே மலை இருப்பது மட்டும் தெரியவில்லை. உலகெங்கும் இத்தகைய விபத்துக்கள் ஒரு தனி வகையாகவே எண்ணப்படுகின்றன.

பின்னர் 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வந்தது. 2017 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் விமானப்படையில் நிகழ்ந்த 34 விபத்துக்களின் பட்டியல் அதில் இருந்தது. குன்னூர் விபத்துக்கு எதிரே, காரணம் என்ற இடத்தில், 'விமானப் பணியாளரின் மனிதத் தவறு' என்று குறிக்கப்பட்டிருந்தது.

இங்கே எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "முதலில் வானிலை என்றார்கள், பிறகு விமானியின் தவறு என்கிறார்கள். இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்பதாலா?" என்று சிலர் கேட்டனர். "தவறு என்றால் தவறுதான். மறைத்தால் மற்றவர் எப்படிக் கற்பார்கள்?" என்று சிலர் வாதாடினர்.

நன்கு சிந்தித்துப் பார்த்தபோது இரண்டு பேச்சுக்கும் இடையே ஒரு வழி இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. கவனக்குறைவு வேறு, தவறு வேறு. தேர்வுக்குப் படிக்காமல் போவது கவனக்குறைவு. நன்றாகப் படித்தும் ஒரு கணக்கில் கூட்டலைப் பிழையாகப் போடுவது தவறு. கவனக்குறைவு இல்லை என்று விசாரணைக் குழு தெளிவாகக் கூறியிருக்கிறது. அந்தச் சொல் பட்டியலில் அழிந்துவிடவில்லை. மனிதத் தவறு என்பதில் 'மனித' என்ற சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காதில் திரவத்தை வைத்துப் படைக்கப்பட்ட மனிதன், மேகத்துக்குள் சில விநாடிகளில் செய்த தவறு அது. அதைச் சொல்வது இறந்தவரைப் பழிப்பதாகாது. அடுத்து அதே பள்ளத்தாக்கில் பறக்கப்போகும் விமானியைக் காப்பாற்றுவதற்காகவே அது எழுதப்படுகிறது. ஆனால் 'விமானியின் தவறு' என்ற இரண்டே சொற்களில் கோப்பை மூடிவிட்டால் யாருக்கும் பயனில்லை. அன்றைய மேகத்தை முன்கூட்டியே அறிய வழியிருந்ததா, திரும்பிவிட இடமிருந்ததா என்றும் கேட்டால்தான் அது பாடமாகும்.

விடை கிடைக்க எட்டு ஆண்டுகள்

எல்லா விபத்துக்கும் விடை உடனே கிடைப்பதில்லை. 2016 ஜூலை 22-இல் சென்னையை அடுத்த தாம்பரத்திலிருந்து அந்தமானின் போர்ட் பிளேயருக்கு விமானப்படையின் ஏ.என்.32 விமானம் ஒன்று 29 பேருடன் புறப்பட்டது. வங்கக் கடலின் மேல், பருவமழைக் காலத்து வானில், அது மறைந்துபோயிற்று. கப்பல்களும் விமானங்களும் நெடுநாள் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழித்து, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அச்செய்தி வெளியாயிற்று. அந்த எட்டு ஆண்டுகளும் 29 குடும்பங்களில் எத்தனை தாய்மார் வாசலைப் பார்த்தபடி இருந்திருப்பார்கள்! ஒரு விடை கிடைப்பதே ஓர் ஆறுதல் என்பதை அப்போது உணர்ந்தோம்.

நஞ்சப்பசத்திரத்து மக்கள்

குன்னூர் விபத்தில் நாம் மறக்கக் கூடாதவர்கள் நஞ்சப்பசத்திரம் என்னும் சிற்றூரின் மக்கள். பெரும் ஓசை கேட்டு முதலில் ஓடிவந்தவர்கள் அவர்களே. தீ எரிந்துகொண்டிருந்தது. மரங்கள் அடர்ந்த சரிவு. வண்டிகள் வரமுடியாத இடம். தம் வீட்டுப் போர்வைகளையும் கம்பளிகளையும் கொண்டுவந்து, அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்ல உதவினார்கள். எரிகின்றவர் தளபதியா சிப்பாயா என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர்கள் காத்திருக்கவில்லை. நல்ல சமாரியர் உவமையைக் கேட்டிருக்கும் நமக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? பின்னர் இராணுவம் அவ்வூரை ஓராண்டுக்குத் தத்தெடுத்துக்கொள்வதாகவும், மாதந்தோறும் மருத்துவரையும் செவிலியரையும் அனுப்புவதாகவும் அறிவித்து நன்றி தெரிவித்தது.

அங்கு உயிருடன் மீட்கப்பட்டவர் குரூப் கேப்டன் வருண் சிங். வெலிங்டன் கல்லூரியின் பயிற்றுநர். தளபதியை வரவேற்க மலையிலிருந்து சூலூருக்கு இறங்கி வந்தவர். 2020 அக்டோபரில் அவர் ஓட்டிய தேஜஸ் போர் விமானம் நடுவானில் கோளாறுற்றபோது, குதித்துத் தப்பாமல் விமானத்தைப் பத்திரமாக இறக்கியவர். அதற்காக 2021-இல் சௌரிய சக்கர விருது பெற்றார். விருது பெற்றதும் அவர் செய்த காரியம்தான் எங்களை மிகவும் கவர்ந்தது. 2021 செப்டம்பரில், தாம் படித்த சண்டிமந்திர் இராணுவப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் பள்ளியில் சாதாரண மாணவராகவே இருந்ததாகவும், மதிப்பெண் சுமாராக இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம் என்றும், தமக்குப் பிடித்த பணியைக் கண்டுபிடித்து அதில் முழு மனத்தோடு உழைக்க வேண்டும் என்றும் மாணவர்களுக்குச் சொல்லியிருந்தார். பொதுத்தேர்வு எழுதப்போகும் எங்களில் பலருக்கு அக்கடிதம் தனக்கே எழுதப்பட்டதுபோல் இருந்தது.

நம் பள்ளத்தாக்கில் வந்திறங்கிய உதவி

குன்னூர் எங்கே, தாமிரபரணி எங்கே என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த மழையை நாம் எவரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னை செல்லும் ரயில் நின்றுபோய், ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். சாலையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அப்போது உணவுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து போட்டவை ஹெலிகாப்டர்கள்தாம். குன்னூரில் இறந்தவர்களுள் ஒருவரான, திருச்சூர் மாவட்டத்து இளம் அலுவலர், 2018-இல் கேரள வெள்ளத்தில் மக்களை மீட்டவர் என்று படித்தபோது, நம் வெள்ளத்தில் வானத்திலிருந்து நீண்ட கைகளும் அத்தகைய கைகள்தாமே என்று எண்ணினோம். அவர்களும் அன்று மேகங்களுக்கிடையே பறந்துதானே வந்தார்கள்!

நமக்கு நீர் தரும் மேகமே விமானிக்குச் சுவராகிறது. மேகத்தின்மேல் குற்றம் இல்லை. அதை அறிந்து நடப்பது நம் கடமை. வெலிங்டனில் கூட்டம் காத்திருக்கலாம், பெரிய தலைவர்கள் விமானத்தில் இருக்கலாம். எந்தப் பயணமானாலும், "இன்று வானிலை சரியில்லை, திரும்பிவிடுவோம்" என்று ஒரு விமானி சொன்னால், அதைக் கோழைத்தனம் என்று எவரும் எண்ணாத நிலை எங்கும் வேண்டும். பறப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். திரும்புவதற்கு அதைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

இது நமக்கும் உரிய பேச்சே. 2016-இல் மூன்று பெண்கள் நம் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாயினர். தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து 17 பெண்கள் முதல் அணியாக 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளியேறினர். நாளை இப்பள்ளியிலிருந்தும் ஒருத்தி விமானியாகலாம். அவள் பொதிகையின் மேகத்தைக் கீழே நின்று பார்த்து வளர்ந்தவளாக இருப்பாள். மேகத்தின் அழகையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே அறிந்தவளாக இருப்பாள்.

1920-இல் பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ட், லொரேத்தோ மாதாவை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அம்மாதாவின் திருநாள் டிசம்பர் 10. அமல உற்பவ அன்னையின் திருநாளுக்கு இரண்டு நாட்களுக்குப் பின் வருவது. ஆண்டுதோறும் அந்த மூன்று நாட்களிலும் செபமாலை சொல்லும்போது, குன்னூரில் மறைந்த 14 பேருக்காகவும், வங்கக் கடலில் மறைந்த 29 பேருக்காகவும், இன்று இந்நேரம் ஏதோ ஒரு மலைக்கு மேலே மேகத்தைப் பார்த்தபடி பறந்துகொண்டிருக்கும் விமானிகளுக்காகவும் ஒரு பத்து மணியை ஒப்புக்கொடுக்க எங்கள் வகுப்பில் முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் எங்களுடன் சேர்ந்துகொள்ளுங்கள்.